கை நீட்டுவதற்கு முன்னே வெட்டிவிட்டார்கள்

கெதிரி ஊரில் கல்யாண வீடுகளுக்குப் போய்ப் பழகியவர்கள் முஜியாத்தியைப் பார்த்திருப்பார்கள். பாட்டுக் குழு தண்ணீர் குடிக்க இறங்கும் இடைவெளியில் மைக்கைப் பிடித்துக்கொண்டு மேடையேறுவாள். மாப்பிள்ளையின் மீசையில் தொடங்கி, பந்தியில் இரண்டாம் முறை தட்டைத் தூக்கிக்கொண்டு நிற்கும் பெரிய மனிதர் வரை ஒருவரையும் விடமாட்டாள். அவள் இறங்கும்போது பெண்ணின் அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணைத் துடைத்துக்கொண்டிருப்பாள். பகலில் அவளுக்கு ஒரு நடுநிலைப் பள்ளிக்கூடத்தில் சாப்பாட்டுக் கடை. மஞ்சள் கோழிச்சாறைச் சோற்றின்மேல் ஊற்றி சோத்தோ கொடுத்துக்கொண்டே பிள்ளைகளை வாருவாள்.

பெரிய உடம்புக்காரி. நடந்தால் மேடைப் பலகை முனகும். ஆனால் அந்த உடம்பை வைத்து அவள் ஒருநாளும் வேடிக்கை பண்ணியதில்லை. "கடைசி வரிசையில இருக்கிறவனுக்கே தெரியுதே, அதை நான் வேற மைக்ல சொல்லணுமா?" என்பாள்.

சிரிக்கவைக்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பாரே என்ற ஊரின் பேருந்து நிலையத்தில் அவள் அம்மா அவித்த கடலை விற்றாள். பக்கத்தில் குந்தியிருந்த முஜியாத்தி, ஊதல் ஊதி வண்டிகளை ஒதுக்கிவிடும் ஆட்களையே பார்த்து வளர்ந்தாள். வண்டியை நிறுத்தும்போது அந்த ஆள் கண்ணில் படவே மாட்டான். கிளப்பும்போது மட்டும் பூமியைப் பிளந்துகொண்டு வந்ததுபோல நிற்பான். ஊதலை ஊதுவான், கையை வீசுவான், அப்புறம் எங்கேயோ ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டு காசுக்கு உள்ளங்கையை நீட்டுவான். ஆகாயத்தைப் பார்க்கும் அந்த ஒரு நொடியில்தான் எல்லாம் இருக்கிறது என்று அவளுக்கு அந்த வயதிலேயே பிடிபட்டுவிட்டது.

காலிஹ் என்பவன் அவளைத் தேடிப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது ஒரு மழைக்காலத் தொடக்கத்தில். கல்யாண வீடியோ எடுத்துக்கொண்டிருந்த பையன், இப்போது வேடிக்கைப் பாட்டுகளுக்குப் படம் பிடித்து நெட்டில் போட்டு ஊரில் பேர் வாங்கியிருந்தான். உள்ளே வந்ததும் குனிந்து அவள் கையைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டான்.

"புடே, உங்களை விட்டா இந்த மாமியார் வேஷத்துக்கு ஆளே இல்லை" என்றான். புடே என்றால் பெரியம்மா. ஊரில் இளசுகள் எல்லாரும் அவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

பாட்டின் கதை ஒரு வரிதான். மாமியாரை மோட்டார் சைக்கிளில் பின்னால் ஏற்றினாலே டயர் வெடிக்கிறது, மருமகன் புலம்புகிறான்.

"என் உடம்பால வெடிக்குதா?" என்று முஜியாத்தி கேட்டாள்.

"அது பாட்டுல இருக்கு, புடே. நீங்க உங்க பாணியில எதை வேணா பண்ணுங்க. நான் குறுக்க வரமாட்டேன்."

அந்தக் கடைசி வார்த்தைக்காகத்தான் அவள் ஒத்துக்கொண்டாள்.

படப்பிடிப்பு ஊருக்கு வெளியே, கரும்புக் காட்டுக்கு நடுவே போகும் தெருவில். டயர் வெடித்தது. மருமகன் வேஷம் போட்ட பாடகர் தலையில் கை வைத்தார். முஜியாத்தி டயர் பக்கம் திரும்பவே இல்லை. பையிலிருந்து கண்ணாடியை எடுத்தாள், உதட்டுச் சாயத்தைச் சரிபார்த்தாள். தெருவோர மரத்தடியில் உட்கார்ந்து, இலைப் பொட்டலத்தைப் பிரித்து பெச்செல் சாப்பிட ஆரம்பித்தாள். வேகவைத்த கீரையும் கடலைச் சாந்தும். அவசரமே இல்லை. மருமகன் வண்டியைத் தள்ளிக்கொண்டு அவளைக் கடக்கும்போது எழுந்தாள். ரவிக்கைக்குள்ளிருந்து ஒரு ஊதலை எடுத்து ஊதினாள். "வா, வா, வா, இடது, இடது, நேரா!" என்று காலித் தெருவில் அவனுக்கு வழிகாட்டினாள். அவன் பரிதாபமாகத் தள்ளிக்கொண்டே போனான். அப்போது ஆகாயத்தைப் பார்த்தபடி, உள்ளங்கையை நீட்டினாள்.

கேமரா பிடித்தவன் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தான். குடை பிடித்துக்கொண்டிருந்த பெண் குடையைப் போட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள். காலிஹே வாயைப் பொத்திக்கொண்டு கரும்புக்குள் ஓடினான். முஜியாத்தி அன்று வீட்டுக்கு வந்து, மின்விசிறி பழுதுபார்க்கும் தன் கணவர் சர்ப்பானிடம், "பாக்கே, இன்னைக்கு நான் பண்ணினது மாதிரி எந்த மேடையிலயும் பண்ணினதில்லை" என்றாள். பாக்கே என்றால் அப்பா; கணவரை அவள் அப்படித்தான் கூப்பிடுவாள், அவர் அவளைப் புக்கே, அம்மா, என்பார்.

படம் வெளியான நாளில் காலிஹ் தன் வீட்டுக் கூடத்தில் பெரிய டிவியை வைத்து எல்லாரையும் கூப்பிட்டான். பாய் விரித்து, வறுத்த வாழைப்பழமும் இனிப்புத் தேநீரும் வைத்திருந்தார்கள். முஜியாத்தி முன்னால் உட்கார்ந்தாள்.

முதல் காட்சியைப் பார்த்து அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. வெயிலில் அலையும் நீளத் தெரு, இரண்டு பக்கமும் கரும்பு, தூரத்தில் புள்ளியாக வரும் வண்டி. எடுத்தவனுக்குக் கண் இருக்கிறது என்று நினைத்தாள். அதோடு சரி.

அடுத்த ஷாட்டில் கேமரா தரைக்குப் போய்விட்டது. அவள் வண்டியில் ஏறுகிறாள். ஏறுவது அவள் இல்லை, அவள் பின்புறம் மட்டும். பக்கத்தில் போனால் எதையும் பூதமாக்கிக் காட்டும் லென்ஸ் ஒன்றை மாட்டியிருந்தார்கள். திரையை அடைத்துக்கொண்டு அது இறங்கியது. கட். வீட்டில் சமைக்கும் பச்சை எரிவாயு உருளை ஒன்று தரையில் தொப்பென்று விழுந்தது. கட். மறுபடி அவள் பின்புறம். கட். உருளை. அவள் நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் யாரோ முரசை அறைந்தார்கள், திரை முழுக்க நிலநடுக்கம் வந்ததுபோல ஆடியது. டயர் வெடித்ததும் யானை பிளிறியது. கூடத்தில் எல்லாரும் உருண்டார்கள். முஜியாத்தியும் சிரித்தாள். பக்கத்தில் இருப்பவன் கொட்டாவி விட்டால் நமக்கும் வருமே, அந்த மாதிரி வந்த சிரிப்பு.

அப்புறம் அவள் வாய் வந்தது. வாய் மட்டும். கடலைச் சாந்து ஒட்டிய உதடு, பல்லிடுக்கில் கீரை, எண்ணெய் வழிவதுபோல ஏற்றிய வெளிச்சம். மரத்தடியில் அவள் சாப்பிட்டபோது கேமரா அத்தனை தூரத்தில் இருந்தது. எப்போது இவ்வளவு கிட்டே வந்து இதைப் பிடித்தார்கள் என்றே அவளுக்குத் தெரியவில்லை. கவளம் உள்ளே போனது. தாளத்துக்கு அதைப் பின்னோக்கி ஓட்டினார்கள், வெளியே வந்தது. மறுபடி உள்ளே. மறுபடி வெளியே. கக்கியதைத் தின்பதுபோல, தின்றதைக் கக்குவதுபோல. முஜியாத்தி கையிலிருந்த வாழைப்பழத் துண்டை மெதுவாகத் தட்டில் வைத்தாள்.

இனி ஊதல் வரும், கை வரும் என்று காத்திருந்தாள். ஊதல் வந்தது. ஊதிய கன்னம் மட்டும் பலூன்போல உப்பியது. கட். அரைக் கால்சட்டை போட்ட பெண்கள் வரிசையாக ஆடினார்கள். பாட்டு முடிந்துவிட்டது.

எல்லாரும் கைதட்டினார்கள். "புடே, எப்படி?" என்று காலிஹ் முகம் மலரக் கேட்டான்.

"நல்லா சத்தமா இருக்கு" என்றாள் முஜியாத்தி. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மறுநாள் மதியம் சர்ப்பான் ஒரு மின்விசிறியைப் பிரித்து மடியில் வைத்திருந்தார். அவள் அவருடைய போனை வாங்கி, படத்தை ஓடவிட்டு, நிறுத்தி, மறுபடி ஓடவிட்டுக்கொண்டிருந்தாள்.

"போதும் புக்கே. எத்தனை தடவை?"

"இங்க பாருங்க. கேமரா எங்க இருக்கு?"

"தரையில."

"என்னைத் தரையிலேருந்து யார் பார்ப்பா? எறும்பு பார்க்கும். மேடைக்குக் கீழ உட்கார்ந்திருக்கிறவன்கூட என் மூஞ்சியைத்தான் பார்ப்பான். இவன் ஒருத்தன் எனக்குக் கீழ படுத்துக்கிட்டு மேல பார்க்கிறான். பார்த்துட்டு ஊருக்கே காட்டுறான்."

"வேடிக்கைப் பாட்டுதானே. ஜனங்க சிரிக்கிறாங்க. உனக்கு வேண்டியதும் அதுதானே?"

"எதுக்குச் சிரிக்கிறாங்க? உருளை விழறதுக்கு. அதுக்கு நான் எதுக்கு? உருளையையே நாலு தடவை போட்டுக் காட்டியிருக்கலாமே." விரலால் திரையைத் தட்டினாள். "ஒரு இடத்துலயாவது என் முழு உடம்பு இருக்கா? முன்னால தலை, பின்னால குண்டி, நடுவுல வாய். சந்தையில ஆட்டை வெட்டித் தொங்கவிடுவானே, அதுமாதிரி. வேடிக்கை பண்ணினவ எங்கே?"

சர்ப்பான் திருப்புளியைக் கீழே வைத்தார். "அந்தக் கை நீட்டுறது எங்கே? நீ சொன்னியே."

"இல்லை."

"இல்லையா?"

"நீட்டுறதுக்கு முன்னாலயே வெட்டிட்டாங்க. முரசு ஒரு அறை அறைஞ்சா ஒரு கட். மனுஷன் மூச்சு இழுக்கறதுக்கே இடம் இல்லை. அதுல எங்க போய் ஆகாயத்தைப் பார்க்கிறது?"

அன்று சாயங்காலம் சர்ப்பான் வழக்கம்போல பெச்செல் வாங்கி வந்தார். பொட்டலத்தைப் பிரித்ததும் அவள் எழுந்து கொல்லைப்புறம் போய்விட்டாள். அந்தப் பழுப்புச் சாந்தைக் கண்டாலே, பெரிதாகித் திறந்து மூடும் தன் உதடு கண்ணுக்கு வந்தது. பிறந்ததிலிருந்து சாப்பிட்ட பண்டம். அதன் பிறகு வெகுகாலம் அவள் அதைத் தொடவில்லை.

பள்ளிக்கூடத்தில் விஷயம் அதைவிட மோசம். மணி அடித்ததும் பிள்ளைகள் கடைக்கு ஓடிவந்தார்கள். அவள் முக்காலியில் உட்காரும்போது ஒரு மூலையிலிருந்து யானை பிளிறியது. எழுந்தால் மேசையில் முரசடித்தார்கள். முன்பெல்லாம் பதிலுக்குப் பதில் வாங்கிக்கொண்டு ஓடுகிற பிள்ளைகள்தான். அவள் ஏதோ சொல்ல வாயைத் திறந்தாள். "வாயைத் திறக்குது, வாயைத் திறக்குது!" என்று ஒரு பெண் தோழியை இடித்துக் காட்டினாள். முஜியாத்தி கரண்டியை எடுத்துச் சாற்றைக் கலக்க ஆரம்பித்தாள். அவர்கள் மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. குமட்டல்தான் வந்தது, அழுக்குத் தண்ணீரை யாரோ தன் கிண்ணத்தில் ஊற்றிவிட்டதுபோல.

அந்த வாரக் கடைசியில் காலிஹ் வேலை பார்க்கும் அறைக்குப் போனாள். கம்ப்யூட்டர் முன்னால் அனிஸ் என்ற பெண் உட்கார்ந்திருந்தாள். எடிட்டிங் அவள் வேலை. காலிஹ் நாற்காலி இழுத்துப் போட்டான்.

"புடே, ஊரெல்லாம் உங்க பேச்சுதான்! அடுத்த பாட்டு ரெடி. நீங்க கெளுத்தி மீன் குட்டையில விழறீங்க."

"விழறது இருக்கட்டும். நான் கை நீட்டினது எங்கே போச்சு, நாக்?"

நாக் என்றால் பிள்ளை. அவன் முகத்தில் சிரிப்பு குறைந்தது. அனிஸைப் பார்த்தான். அனிஸ் ஒரு கோப்பைத் திறந்து ஓடவிட்டாள்.

வெட்டாத படம். தூரத்திலிருந்து ஒரே ஷாட். மரம், தெரு, வண்டி, அவள், எல்லாம் ஒன்றாகத் தெரிந்தன. கண்ணாடி, பொட்டலம், ஊதல். வண்டி ஓரம் போகும்வரை கேமரா பொறுத்திருந்தது. அவள் ஆகாயத்தைப் பார்த்தாள். கை நீண்டது. படம் குலுங்கியது. பின்னாலிருந்து கேமராக்காரனின் சிரிப்பு கேட்டது. அனிஸுக்கும் சிரிப்பு பீறிட்டது. "எத்தனை தடவை பார்த்தாலும் வருது" என்றாள். "முதல்ல நான் இதை அப்படியே வெச்சிருந்தேன், புடே."

"நான்தான் எடுக்கச் சொன்னேன்" என்றான் காலிஹ். தன் போனை எடுத்து அந்தக் காட்சியை அதில் ஓட்டிக் காட்டினான். "பாருங்க. இத்தனூண்டு திரையில நீங்க ஒரு அரிசி அளவு. யாருக்குத் தெரியும்? ஆட்டோவில போயிட்டே பார்க்கிறான், கழிப்பறையில உட்கார்ந்து பார்க்கிறான். சும்மா இருக்கிற இடம் வந்தா விரலால தள்ளிவிட்டுப் போயிடுவான். எனக்கும் இது பிடிக்கும். ஆனா நிக்காது. கடைசியில படமும் ஆடுது பாருங்க, அவன் சிரிச்சுக் கெடுத்துட்டான்."

"மத்த இடமெல்லாம் நீயே கம்ப்யூட்டர்ல ஆட்டி வெச்சிருக்கே. ஒருத்தன் நிஜமாச் சிரிச்சு ஆடினது மட்டும் ஆகாதா?"

அவன் தலையைச் சொறிந்தான். பொல்லாத பையன் இல்லை அவன். அவளுக்கு அது தெரிந்ததுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

"அந்த வாய் எதுக்கு?" என்று கேட்டாள்.

"அது தாளத்துக்கு நல்லா உட்கார்ந்துச்சு, புடே. அவ்வளவுதான். வேற ஒண்ணும் நினைக்கலை."

"ஒண்ணும் நினைக்காமதான் பண்ணினியா?" முஜியாத்தி எழுந்தாள். "குட்டைக்கு வேற ஆளைப் பாரு."

வாசல்வரை அனிஸ் பின்னால் வந்து, வெட்டாத காட்சியை சர்ப்பானின் போனுக்கு அனுப்பித் தந்தாள். சர்ப்பான் அதைத் தன் பெயரில் நெட்டில் போட்டார். சொந்தக்காரர்கள் பார்த்தார்கள், அக்கம்பக்கத்தில் சிலர் பார்த்தார்கள். "யானை எப்போ வரும்?" என்று யாரோ கீழே எழுதியிருந்தார்கள். காலிஹ் சொன்னது தப்பில்லை.

ஆறுதலுக்கு மேடை இருக்கிறது என்று நினைத்தாள். அடுத்த கல்யாணம் ஒரு சர்க்கரை ஆலைக்காரர் வீட்டில். மைக்கைப் பிடித்து ஏறியதும் பந்தலின் பின்பக்கமிருந்து பிளிறல். இளவட்டங்கள். முரசுக்காரனும் வேடிக்கைக்கு அவள் நடைக்கு ஓர் அறை அறைந்தான். சிரிப்பு. அவள் நின்றாள். அமைதி வரும்வரை நிற்பது அவளுக்குப் பழக்கம். எந்தக் கூட்டமும் கடைசியில் அவளுக்கு ஒரு நொடி கொடுத்துவிடும். இந்தக் கூட்டம் கொடுக்கவில்லை. போன்களைத் தூக்கிப் பிடித்திருந்தார்கள். அதில் சிலது கீழே, மேடைப் பலகை மட்டத்தில், மேல்நோக்கி. அதைப் பார்த்ததும் அவள் கெபாயாச் சட்டையின் ஓரத்தைத் தன்னையறியாமல் இழுத்துவிட்டுக்கொண்டாள். இத்தனை வருஷ மேடையில் அவள் தன் உடையை இழுத்துவிட்டுக்கொண்டது அதுதான் முதல் தடவை. மணமக்களுக்கு வாழ்த்துச் சொன்னாள். இறங்கிவிட்டாள். சாப்பிடாமலே வீட்டுக்கு வந்து, குளியலறைத் தொட்டியிலிருந்து மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டாள்.

குட்டையில் விழும் பாட்டு நோன்புப் பெருநாளுக்கு முன்னால் வெளிவந்தது. விழுந்தது ஜுமாரோ. முஜியாத்தி போகாத கல்யாணங்களில் மேடையேறி வேடிக்கை பண்ணுகிற, அவளைவிட இளையவள். ம்பாக்யூ, அக்கா, என்று வாய் நிறையக் கூப்பிடுகிறவள். சர்ப்பான் போனை நீட்டினார். "பார்க்க வேண்டாம்னா விடு" என்றும் சொன்னார்.

பார்த்தாள். ஜுமாரோ கால் வழுக்கினாள், கையை விசிறினாள், சேற்றில் முகம் குப்புற விழுந்தாள். முஜியாத்திக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சத்தமாக, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கேமரா தண்ணீர் மட்டத்தில் கிடப்பதும், ரவிக்கைக்குள் மீன் நெளிவதைத் தேடிப் போவதும், அதே விழுதலை மூன்று பக்கத்திலிருந்து ஒட்டியிருப்பதும் சிரித்து முடித்த பிறகுதான் அவள் கண்ணில் பட்டது. போனைக் கவிழ்த்து வைத்தாள்.

"என்ன?" என்றார் சர்ப்பான்.

"நானும் சிரிச்சுட்டேன்."

"அதுக்கென்ன?"

"எனக்கே வருதே, பாக்கே. தெரிஞ்ச எனக்கே வருது." யாரோ தன் வாய்க்குள் கைவிட்டு அந்தச் சிரிப்பைப் பிடுங்கி எடுத்ததுபோல அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

இரண்டு நாள் கழித்து ஜுமாரோவைப் பார்க்கப் போனாள். ஜுமாரோ காதில் பஞ்சு வைத்துக்கொண்டு முற்றத்தில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். குட்டைத் தண்ணீர் போய்க் காதில் சீழ் வைத்துவிட்டது.

"ம்பாக்யூ! பார்த்தீங்களா? எப்படிப் பண்ணியிருக்கேன்?" முகமெல்லாம் பெருமை.

முஜியாத்தி வழியெல்லாம் என்னென்னவோ சொல்ல யோசித்து வந்திருந்தாள். அந்த முகத்தைப் பார்த்ததும், "நல்லா விழுந்தே" என்றாள். பிறகு, "விழறதுக்கு முன்னால என்ன பண்ணினே?" என்று கேட்டாள்.

"முன்னாலயா?"

"சும்மா போய் விழுந்திருக்கமாட்டியே. ஏதாவது பண்ணியிருப்பே."

ஜுமாரோ துணியைக் கொடியில் போட்டுவிட்டு யோசித்தாள். அப்புறம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "பண்ணினேன். அவங்க வைக்கலை. வழுக்கிக்கிட்டே போறேன்ல, விழப்போறேன்னு தெரிஞ்சுபோச்சு. உடனே செருப்பைக் கழட்டி கரையில ஜோடியா வெச்சேன். பள்ளிவாசல் படியில வைப்போமே, அதுமாதிரி முனையை வெளிப்பக்கமாத் திருப்பி. அப்புறம்தான் விழுந்தேன்."

"செஞ்சு காட்டு."

"இங்கயா? துணி அலசின தண்ணி கிடக்கு, ம்பாக்யூ."

"செய்யேன்."

ஜுமாரோ ஈர முற்றத்தில் வழுக்குவதுபோல ஆடிக்கொண்டு வந்தாள். கைகள் காற்றில் துழாவின. உடம்பு ஒரு பக்கமாகப் போய்க்கொண்டே இருந்தது. அந்தச் சாய்விலேயே குனிந்து, ஒரு செருப்பைக் கழற்றினாள், இன்னொன்றைக் கழற்றினாள், இரண்டையும் சேர்த்து வைத்தாள். ஒன்று கோணலாக இருந்தது. திரும்பி வந்து அதை நேராக்கினாள். பிறகு மரியாதையாக, எங்கே போகவேண்டுமோ அங்கே, வாளிப் பக்கம் போய்ச் சாய்ந்தாள்.

முஜியாத்தி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் நீர் வந்தது. ஜுமாரோவும் தரையில் உட்கார்ந்தபடியே, காதைப் பொத்திக்கொண்டு, வலிக்கிறது, வலிக்கிறது என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தாள்.

"கோணலை நேராக்கினியே, அது அன்னைக்கும் பண்ணினியா?"

"இல்லை, இப்போதான் வந்துச்சு."

"அதை விடாதே."

தேநீர் குடிக்கும்போது ஜுமாரோ, அடுத்த பாட்டுக்கும் ஒத்துக்கொண்டுவிட்டதாகத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். வீட்டு நிலைமை அப்படி. முஜியாத்தி கோப்பையை வைத்தாள். "கேமரா எங்க இருக்குன்னு முதல்ல பாரு. தரையில படுத்திருந்தான்னா, எந்திரிடான்னு சொல்லு. சொன்னாக் கேட்பான், பொல்லாதவன் இல்லை. யாரும் சொல்றதில்லை, அவ்வளவுதான்" என்றாள்.

ஜுமாரோ சொன்னாளா, அவன் கேட்டானா என்று தெரியாது. முஜியாத்தி அதற்குப் பிறகு எந்தப் பாட்டுப் படத்துக்கும் போகவில்லை, வந்ததையும் பார்க்கவில்லை. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் அடுத்த பருவத்தில் பிளிறலை விட்டுவிட்டு வேறு ஏதோ சத்தம் போடக் கற்றுக்கொண்டார்கள். கல்யாணங்களுக்கு மறுபடி கூப்பிட்டார்கள், போகிறாள். ஆனால் ஏறுவதற்கு முன்னால் பாட்டுக் குழுவிடம் சொல்லி மேடையின் முன்விளிம்பில் பூந்தொட்டிகளைப் போன் நுழைய இடமில்லாமல் நெருக்கி வரிசையாக வைக்கச் செய்கிறாள். அழகுக்கு என்று வீட்டுக்காரர்கள் நினைத்துக்கொள்கிறார்கள்.